தட்டினால் விட்டுவிடுவார்கள்

ஆலங்குடா கடற்கரையில் அன்று நானும், மாமியின் மகன் றிஸானும், அவனோடு கடலுக்குப் போகும் சில பொடியன்மாரும் இருந்தோம். வாப்பா வரவில்லை. "மண்ணுல கட்டிப்புரளவா ஒன்னப் படிக்க வெச்சேன்?" என்று கேட்டிருந்தார்.

பிரேசிலில் இருந்து வந்த, ஜியு-ஜிட்சு என்ற மற்போர்க் கலையின் பயிற்றுநர் பிடிகளைக் கற்பித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் என்பதால், அவருடைய ஆங்கிலத்தை நான்தான் தமிழில் சொன்னேன்.

"வலித்தால் உடனே கையால் தட்டுங்கள், எதிராளி விட்டுவிடுவார்" என்றுதான் அவர் தொடங்கினார். தோல்வியை ஒப்புக்கொள்ளச் சொன்னால் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டு, அதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

சற்று நேரத்தில் ஒருவனின் பிடியில் றிஸானின் முழங்கை சிக்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பயிற்றுநர் ஓடிவந்து பிரித்துவிட்டு, "ஏன் தட்டவில்லை என்று கேள்" என்றார். நான் உண்மையைச் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. மணலில் படுத்துத் தன் கையை என்னிடம் தந்தார். நான் பிடியை இறுக்கியதுமே தட்டிவிட்டுச் சிரித்தார். "இத்தனை வருடமும் இப்படித் தட்டித் தட்டித்தான் கற்றேன்."

இம்முறை ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னேன்.

"முந்தியே சொல்லியிருந்தா எப்பவோ தட்டியிருப்பேனே மச்சான். இதுல என்ன வெக்கம்?" என்றான் றிஸான்.

வெட்கம் என்னிடம்தான் இருந்தது. அதற்கு விலையாக அவன் ஒரு கிழமை கடலுக்குப் போகவில்லை. ஆனால் பயிற்சிக்கு வந்தான், ஒரு கையில் கட்டோடு, மற்றக் கையால் தட்டிப் பழக.