மேடையில் எனக்குப் போட்ட பொன்னாடை

என் எழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அந்த வருடம் இடம்பெயர்ந்து போனோம். திரும்பி வந்தபோது எனக்கு மீசை அரும்பிவிட்டது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்னும் தடுமாறுவேன். கையும் ஐஸ் உடைக்கிற கை, பேனை பிடித்தால் பிடித்தது மாதிரியே தெரியாது. பிழைகளைப் பொறுத்து வாசியுங்கள்.

திருகோணமலையில் மீன்பிடித் துறைமுகத்தில் எனக்கு வேலை. ஐஸ் கட்டியை உடைத்து மீன் பெட்டிகளில் போட வேண்டும். மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறா. மகள் ஆறாம் வகுப்புக்குப் போனபோது, வருகிற தை மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, பிறகு போகமாட்டேன் என்று மனைவி சொல்லியிருந்தா.

"பிள்ளை பெரியபிள்ளை ஆகிறதுக்கு முதல் நான் வந்திடோணும். தண்ணி வாக்கேக்க நான் நிக்கோணும்," என்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்.

சமையல், உடுப்புத் தோய்ப்பு, மகளுக்கு இரட்டைப் பின்னல் எல்லாம் நான்தான். பின்னலை மனைவி போனில் காட்டித்தான் பழகினேன். அதைப் பெரிய விசயமாக நான் நினைத்ததில்லை.

எங்கள் சந்தியில் புதிதாக ஒரு இயக்கம் பலகை மாட்டிக் கந்தோர் திறந்திருந்தது. எங்கள் இனத்தையும் பண்பாட்டையும் காப்பாற்றுவதுதான் தங்கள் வேலை என்றார்கள். ஒருநாள் பின்னேரம் அதன் அமைப்பாளர் என் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சேட்டுப் போட்ட, மரியாதையான ஆள்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில உங்களைக் கௌரவிக்கப் போறம். சிறந்த தகப்பன் எண்டு."

"எனக்கு மேடையில கதைக்க ஏலாது தம்பி."

"நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. கதிரையில இருந்தாக் காணும்."

அவர் போன பிறகு மகள் சிரித்துக்கொண்டே என் நல்ல சேட்டைத் தேடி எடுத்து அயன் பண்ணினாள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசம்தான். என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டது கிடையாது.

கூட்டத்துக்கு நல்ல சனம். என் பெயரைக் கூப்பிட்டு, சரிகை போட்ட பச்சைப் பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார்கள். அது வழுக்கி வழுக்கி விழப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். மகள் முன்வரிசையில். வெளியூரில் இருந்து வந்த பேச்சாளர் எழும்பினார்.

"உறவுகளே! பக்கத்து ஊர்க்காரன் வீட்டில் ஐந்து தொட்டில் ஆடுகிறது. எங்கள் வீட்டில் ஒன்று. அதை ஆட்டுவதற்கும் தாய் இல்லை! எங்கள் தாய்மாரை அரபிக்காரன் குசினிக்கு அனுப்பிவிட்டோம். வெளிநாட்டில் ஆணும் ஆணும் கலியாணம் கட்டுகிறான். இங்கே ஆண் சேலை மட்டும்தான் உடுத்தவில்லை!"

சனம் என்னைப் பார்த்துச் சிரித்தது. பேச்சாளர் என் தோளில் கையை வைத்தார்.

"இந்தச் சகோதரரைப் பாருங்கள். மனைவி இருந்தும் இல்லாதவர். பிள்ளைக்குத் தலை பின்னுகிறார். அந்த அம்மா அங்கே யாருக்குச் சமைக்கிறா, இரவில் யார் வீட்டுக் கதவு திறக்கிறது, யாருக்குத் தெரியும்? எங்கள் தாய்மாரைத் திருப்பி எடுப்போம்! எங்கள் ஆண்களை ஆண்களாக்குவோம்!"

கைதட்டல் நெடுநேரம் கேட்டது. எல்லோரும் தட்டியதால் மகளும் தட்டினாள். பிறகு நிறுத்திவிட்டாள். எனக்கு அந்த நேரம் கோபம் வரவில்லை. வெட்கம் வந்ததா என்றும் சொல்லத் தெரியவில்லை. பொன்னாடை விழக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. கூட்டம் முடிந்து இறங்கும்போது சிலர் கைகொடுத்தார்கள். வாழ்த்துகள் என்றார்கள். நன்றி என்றேன்.

அடுத்த நாள் பக்கத்து ஊரான கிண்ணியாவில் இருந்து வந்து என்னோடு ஐஸ் உடைக்கிற முஸ்லிம் நண்பன் போனைத் தூக்கிக் காட்டினான். யாரோ முழுப் பேச்சையும் பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள்.

"என்ன மச்சான், மாப்பிள்ளை மாதிரிக் குந்திக்கிட்டு இருக்கிறாய். அஞ்சு தொட்டிலாம்! எனக்கு ரெண்டு புள்ளதானே, மிச்சம் மூண நான் எங்க போய்த் தேடுற?"

நானும் சிரித்தேன். அவன் கொஞ்ச நேரம் ஐஸைக் குத்திவிட்டுத் திரும்பக் கேட்டான்.

"ஒன்ட பொண்டாட்டி இதப் பாத்தாவா?"

"தெரியாது."

அதற்குப் பிறகு அவன் பகிடி விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. மனைவியின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"முதல்ல படம் மட்டும்தான் வந்தது. சால்வையோட நல்ல வடிவா இருக்கிறார் எண்டு எல்லாருக்கும் காட்டினனான். பிறகு பக்கத்து வீட்டில வேலை செய்யிற கிளிவெட்டி ஊர்ப் பிள்ளை சத்தத்தோட போட்டுக் காட்டினவள். அஞ்சாறு பேர் சுத்தி நிண்டு கேட்டவை."

நான் போனை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஏன் எழும்பி வரேல்ல?"

"பொன்னாடை போட்டிருந்தவங்கள்..."

"பொன்னாடை போட்டா எழும்ப ஏலாதோ?"

 

அடுத்த மாதம் மனைவி மகளிடம்தான் முதலில் சொன்னா. பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னா.

"இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைச்சிட்டன். இப்ப வந்து இறங்கினா அந்தச் சந்தியால நான் எப்பிடி நடந்து போறது? பாக்கிறவன் எல்லாம் மேடையில சொன்ன அந்தக் கதவைத்தானே நினைப்பான்."

"ஓம்," என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஓம் என்பதுதான் வந்தது.

சில நாள் கழித்து அமைப்பாளர் திரும்ப வந்தார். வீடியோவை ஏராளம் சனம் பார்த்துவிட்டதாம்.

"அண்ணை, தைக்கு மனுசி வந்திடுவா என்ன?"

"வரமாட்டா. ரெண்டு வருசம் கூட்டிப்போட்டா."

அவர் தலையை ஆட்டினார். முகத்தில் கவலையும் இருந்தது, ஏதோ வென்ற மாதிரியும் இருந்தது.

"பாத்தியளா? நாங்கள் சொன்னது சரியாப் போச்சு. உங்களைப் போல ஆக்களுக்காகத்தான் நாங்கள் கத்துறது. அடுத்த கூட்டம் மூதூர்ப் பக்கம். வான் அனுப்புறன், வாங்கோ."

வேலை இருக்கிறது என்றேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

இன்றைக்குக் காலையில் நான் குசினியில் நிற்கும்போது மகள் குளியலறைக்குள் இருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, கிட்ட வராதேங்கோ. அம்மாவுக்கு எடுத்துத் தாங்கோ."

எனக்கு விளங்கிவிட்டது. குவைத்துக்கு எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவு நீக்கலால் போனைக் கொடுத்தேன். அந்த வீட்டுக்காரர் வேலை நேரத்தில் போன் கதைக்க விடமாட்டார்கள். ஆனாலும் எடுத்தா. உள்ளே தாயும் மகளும் மெதுவாகக் கதைத்தார்கள். பிறகு மனைவி என்னைப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிவரச் சொன்னா. அக்கா வந்து, தண்ணி வார்க்கிறதை அம்மாவும் பார்க்கட்டும் என்று போனை யன்னலில் சாத்தி வைத்தா. தகப்பன் பார்க்கக் கூடாது என்பதால் நான் முற்றத்தில் நின்றேன். தண்ணி விழுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் ஒரு வாளி அக்கா, தலையில நல்லா வாருங்கோ," என்று போனுக்குள் இருந்து மனைவி சொன்னா. குரல் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு, "மேடம் கூப்பிடுறா, வைக்கிறன்," என்றா.

மகள் இப்போது அறைக்குள் இருக்கிறாள். சில நாளைக்கு நான் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. சோற்றை வாசலில் வைத்துவிட்டு வந்து, இதை எழுதுகிறேன்.

2025 கார்த்திகை மாதம் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.