பிரான்ஸ் பக்கத்துக் கதிரை

சிறிதரனுக்கு வலது முழங்கால் சரியாக வளையாது. அதனால்தான் சிட்னியில் போர் அருங்காட்சியகமொன்றில் காவலாளி வேலை கிடைத்தபோது, பிரான்ஸ் பக்கத்தைக் கேட்டு வாங்கினார்.

முதலாம் உலகப் போருக்கு அங்கே இரண்டு அறைகள். துருக்கியின் கலிப்போலிப் போர்முனையைக் காட்டும் அறையில் காய்ந்த மலைச்சரிவு. பத்தடி தூரத்தில் எதிரியின் குழி. வெயிலுக்கென்று தலைக்கு மேலே சூடான விளக்குகள். காற்றும் ஈயும்தான் சத்தம். காவலாளி எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். பிரான்ஸ் அறையில் சேற்றுப் பதுங்குகுழி, குளிர், வெளிவாசலருகே காவலாளி உட்கார ஒரு கதிரை. பீரங்கி ஷெல்லடி ஒலிப்பதிவு ஏழு நிமிடம் ஓடும், மூன்று நிமிடம் ஓயும், மறுபடி ஓடும்.

சத்தம் பரவாயில்லையா என்று மேற்பார்வையாளன் பாலகிருஷ்ணன் முதல் நாளே கேட்டிருந்தான். கோயம்புத்தூர்க்காரன், இருபது வயது இளையவன். இலங்கைப் போரில், வன்னியில் கேட்காத சத்தமா என்று சிறிதரன் சொல்லிவிட்டார். பொய்யில்லை. அது ஓடும்போது, நார்த்மீட் வாடகை அறைக்குப் போய் என்ன சமைக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பார்.

இரண்டு மாதத்தில் இரண்டு புகார்கள் வந்தன. பள்ளிப் பிள்ளைகளைக் காவலாளி காரணமில்லாமல் மறித்து வைத்தாராம். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். தான் யாரையும் மறிக்கவில்லை என்று சிறிதரன் அடித்துச் சொன்னார். பாலகிருஷ்ணன் வாதாடாமல் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினான்.

திரையில் பிள்ளைகள் பதுங்குகுழிக்குள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பிறகு கைகளை எடுத்தார்கள். ஒலி ஓய்ந்திருக்க வேண்டும். முன்னால் நின்ற சிறுமி வாசலை நோக்கி நடந்தாள். கதிரையில் இருந்தவர் சடாரென்று எழுந்து கையைக் குறுக்கே நீட்டினார். மூன்று நிமிடமும் அப்படியே நின்றார். இந்தக் காலை வைத்துக்கொண்டு இவ்வளவு வேகமாகத் தான் எழுந்ததை சிறிதரனாலேயே நம்ப முடியவில்லை.

"டிராஃபிக் போலீஸ் மாதிரி நிக்கறீங்கண்ணா," என்று சிரித்த பாலகிருஷ்ணன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஷெல்லடி நிண்ட கையோட வெளியில போகக் கூடாது, தம்பி. சனம் தண்ணிக்கு வெளிக்கிடேக்க அடுத்தது வரும்."

"இது ரெக்கார்டிங்ணா."

"ஓம். தெரியும்." திரையில் நீண்டிருந்த தன் கையை விரலால் தொட்டார். "யோகாவும், தண்ணிக்குப் போயிட்டு வாறன் எண்டு வாளியோட எழும்பினவ. நான் ஒண்டும் சொல்லேல்லை."

யோகா யார் என்று பாலகிருஷ்ணன் கேட்கவில்லை. வேலை விண்ணப்பத்தில் மனைவியின் பெயர் அதுதான். பக்கத்தில் காலமானார் என்று இருந்தது. மேலிடத்துக்கு என்ன காரணம் எழுதுவது என்று மட்டும் மெதுவாகக் கேட்டான்.

"காது மந்தம் எண்டு எழுதுங்கோ. என்னை மற்றப் பக்கம் விடுங்கோ."

"அங்க உக்காரச் சேர் இல்லையேண்ணா."

"பரவாயில்லை."

திங்கட்கிழமை கலிப்போலிக்கு மாறினார். மதியத்துக்குள் முழங்கால் வீங்கிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மெல்லியதாகக் கேட்டுக்கொண்டிருந்த ஷெல்லடி ஓய்ந்தது. அதே நேரம் பிள்ளைகள் கூட்டமொன்று மலைச்சரிவைச் சுற்றி வாசலுக்கு வந்தது. சிறிதரனின் வலது கை எழும்பியது. இடது கையால் அதைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கடைசிப் பிள்ளை வெளியே போகும்வரை பிடியை விடவில்லை.