டீற்றரின் பயம்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் பேருந்தைப் பணிமனையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது, பிராங்பேர்ட்டிலிருந்து மகள் ஆரணி அழைத்தாள். "அம்மா, டீற்றர் போயிட்டார். நித்திரையிலயே இதயம் நிண்டுட்டுதாம்." வேலை முடிந்தும் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழும்ப எனக்கு ஏலாமல் இருந்தது.

பேர்லின் பனிச்சறுக்குத் தளத்தில் பயிற்சியாளராக இருந்த அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய உரத்த குரல் நினைவிருக்கும். எனக்கு நினைவு வருவது, அவர் தாழ்ந்த குரலில் சொன்ன ஒரு விஷயம்.

ஆரணிக்கு அப்போது பதினான்கு வயது. லூக்காஸ் என்ற பெடியனோடு சோடியாகப் பனியில் சறுக்கி ஆடப் பழகிக்கொண்டிருந்தாள். அவன் அவளைத் தலைக்கு மேலே தூக்கும் பயிற்சி தொடங்குவதற்கு முதல்நாள், டீற்றர் என்னைத் தனியே அழைத்தார். இளவயதில் தானும் பெத்ரா என்ற பெண்ணும் சோடியாகப் போட்டிகளில் ஆடியதைச் சொன்னார். ஒரு பயிற்சியில் அவளை ஒற்றைக் கையில் தூக்கி வந்தபோது அவருடைய சறுக்குச் சப்பாத்து பனியில் மாட்டியது. பெத்ராவின் தலை தரையில் அடிபட்டது. உயிர் தப்பினாள், ஒரு காது கேட்காமல் போயிற்று. அதோடு இருவரின் ஆட்டமும் முடிந்தது.

"எல்லாப் பெற்றோரிடமும் இதைச் சொல்கிறேன். மகளைக் கூட்டிக்கொண்டு போனால் கோபிக்க மாட்டேன்" என்றார் ஜேர்மன் மொழியில்.

"இன்னும் உங்களுக்குப் பயமா?"

"தினமும்."

வீட்டில் ஆரணியிடம் சொன்னேன். "எனக்கும் பயம்தான் அம்மா. ஆனா விட ஏலாது" என்றாள்.

அதன்பிறகு லூக்காஸ் அவளைத் தூக்கும்போதெல்லாம் டீற்றர் இரு கைகளையும் ஏந்தியபடி கூடவே சறுக்கிப் போவார். நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் லூக்காஸ் தடுமாறினான். ஆரணி தலைகீழாக வருவதைக் கண்டேன். டீற்றர் அவளுக்குக் கீழே பாய்ந்தார். அவள் எழும்பினாள், அவர் எழும்பவில்லை. தோளில் எலும்பு முறிந்திருந்தது. "தலை அடிபட்டதா? அவளுடைய தலை?" என்று அதையே கேட்டுக்கொண்டு கிடந்தார்.

எலும்பு பொருந்தித் திரும்பி வந்தவர், மாதக்கணக்கில் அவளைத் தூக்க விடவில்லை. பிறகு எங்களை இருத்திச் சொன்னார்: "நான் பயப்படுவது ஆரணிக்காகவா, எனக்காகவா என்று இப்போது தெரியவில்லை. இனி அவள் என்னிடம் பயிற்சி எடுக்கக் கூடாது." தானே பேசி, இன்னொரு பயிற்சியாளரிடம் இருவரையும் ஒப்படைத்தார்.

அவர்களுடைய முதல் பெரிய போட்டிக்கு வந்து என் பக்கத்தில் இருந்தார். தூக்கும் இடம் நெருங்கியதும் என் கையைப் பிடித்தார்.

"இறங்கிவிட்டாளா?"

"தெரியாது. நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன்."

கைதட்டல் கேட்ட பிறகுதான் இருவரும் கண் திறந்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்து சேரும்வரையும் அதன் பிறகும் பயத்தை வெளியில் காட்டாதவள் நான். அதை வாய் திறந்து சொல்லலாம் என்று அவரிடம்தான் கண்டுகொண்டேன். அடுத்த வாரம் எனக்கு ஒரு சத்திரசிகிச்சை. முன்பென்றால் முடிந்த பிறகே பிள்ளைக்குச் சொல்லியிருப்பேன். நேற்று அவளை அழைத்து, "பயமாக் கிடக்கு பிள்ளை, வந்து பக்கத்தில இரு" என்றேன்.