இருபத்தெட்டுப் பேருக்குச் சமைத்தவன்

எங்கள் சல்லிக் கிராமத்தில் கிருஷாந்த் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் ஓட்டோ ஓடுகிறவன். நான் சொல்வது அவனை அல்ல. இவன் கரைவலைக் கிருஷாந்த்; கரையில் நின்று கயிற்றால் வலை இழுக்கிறவன். இவனுடைய தாயைப் பெற்ற தகப்பனும் என் பெரியப்பாவும் ஒரு வீட்டில் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அந்த வழியால் எனக்கு மருமகன். தகப்பன் வழியால் எண்ணினால் பேரன். நான் மருமகன் முறையையே வைத்துக்கொண்டேன். பேரன் என்றால் சித்திரை வருசத்துக்குக் கைவிசேடக் காசு கூடக் கொடுக்க வேண்டும்.

கிருஷாந்தைப் பதினாறு வயதில் வாடியிலே சமையலுக்கு விட்டார்கள். வாடி என்பது வலைகாரர் கடற்கரையில் தங்குகிற ஓலைக் கொட்டில். இருபத்தெட்டுப் பேருக்கு ஒன்பது வருசம் சமைத்தான். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகத்தான் தான் சாப்பிடுவான். வாடியில் அதுதான் முறை. ஒருவரும் அவன் சமையலைக் குறை சொன்னதில்லை. காலையிலிருந்து வலை இழுத்தவனுக்குக் குறை சொல்லத் தெம்பு இருக்காது என்பது வேறு கதை. பிறகு கயிறு பிடிக்கிற ஆளாகிக் கல்யாணமும் கட்டினான். அகப்பை பெண்சாதியின் கைக்குப் போனது.

பெண்சாதி பிரசாந்தி, திரியாய்ப் பிள்ளை. போன வருசம் அவளுக்கு ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சி கிடைத்தது. மூன்று மாதம் மட்டக்களப்பில் தங்க வேண்டும். இடையில் வீட்டுக்கு வர லீவு கிடையாது. போகும்போது ஒரு கடுதாசியில் இராச் சாப்பாட்டை எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினாள். திங்கள் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முருங்கையிலை வறை. செவ்வாய் சூடைமீன் சொதி, பூசணிக்காய். இப்படி ஏழு நாளுக்கும். சூடை வலையில் வரும், முருங்கை வேலியில் நிற்கும். கடையில் வாங்குவது கொஞ்சம்தான்.

கிருஷாந்த் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றான். பஸ் வெளிக்கிட்ட கையோடு கடைக்குப் போய் ஒரு பெட்டி நூடில்ஸ் வாங்கி வந்தான்.

பிள்ளைகளுக்குச் சந்தோசம். மூத்தவள் லோஜனாவுக்கு ஏழு வயது, சின்னவன் சுலக்சனுக்கு நாலு. ஒரு மாதம் நூடில்ஸும் பாணுமாக ஓடியது. மாத முடிவில் கிளினிக்கில் சுலக்சனைத் தராசில் ஏற்றினார்கள். முந்தின மாதம் பதின்மூன்றரைக் கிலோ, இப்போது பதின்மூன்று. மருத்துவமாது நிறை அட்டையில், இருக்க வேண்டிய கோட்டுக்குக் கீழே புள்ளி வைத்தார்.

அன்றைக்கென்று பிரசாந்தியின் அக்கா இலட்சுமி திரியாயிலிருந்து வந்திருந்தாள். ஐந்து பிள்ளை வளர்த்தவள். அட்டையைப் பார்த்தாள், குசினியைப் பார்த்தாள், நூடில்ஸ் பெட்டியைப் பார்த்தாள்.

"தம்பி, இது என்ன, வீடோ பெட்டிக்கடையோ?"

"மச்சாள், நாளைக்குத் தொடக்கம் சமைக்கிறன்."

"அடுத்த கிளினிக்குக்கு நான் வருவன். இவன்ர நிறை கூடேல்லையெண்டா ரெண்டு பேரையும் திரியாய்க்குக் கொண்டு போயிடுவன். பள்ளிக்கூடமும் அங்கதான். தங்கச்சி படிப்பை விட்டுட்டு ஓடிவர நான் விடன்."

கிருஷாந்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. நூடில்ஸும் இறங்கவில்லை. பிள்ளைகள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்திருக்கிறான்.

அடுத்த நாள் சமைத்தான். கை வாடிக்கணக்கை மறக்கவில்லை. அரிசியைப் போடப் போட இன்னும் காணாது என்றே கை சொன்னது. பருப்பு ஒரு பெரிய பானை. மிளகாய்த்தூளோ இருபத்தெட்டு ஆம்பிளைகளுக்கு. சுலக்சன் ஒரு வாய் வைத்தான். அந்த அழுகை எங்கள் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. மிச்சத்தை வீடு வீடாகக் கொடுத்தான். எனக்கும் ஒரு சட்டி வந்தது. நான் அதில் தண்ணீர் விட்டு இரண்டு நாள் சாப்பிட்டேன்.

மீன் எடுக்கக் கிண்ணியாவிலிருந்து வருகிற ஜவாஹிர், அவனுடைய பழைய கூட்டாளி, விசயத்தைக் கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே சிரித்தான்.

"மச்சான், எல்லாத்தையும் பத்தாப் பிரிச்சுப் போடன்."

"பிரிச்சனான்டாப்பா. நேற்று அரிசியைப் பிரிச்சனான், உப்பைப் பிரிக்க மறந்துபோனன்."

"அல்லாவே! பிள்ளையள் உயிரோட இருக்கோ?"

ஜவாஹிர் ஒரு பூசணிக்காயையும், அளவுக்கென்று பால்மாப் பேணியின் மூடி ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனான். அந்த மூடியால் கிருஷாந்துக்குச் சமையல் ஒருவாறு வசப்பட்டது. ஒரு மூடி பருப்பு, கால் மூடி தூள். சூடைமீனை அவித்து முள்ளெடுத்து, தேங்காய்ப்பாலில் சொதி வைத்தான். நல்ல சொதி. நானே குடித்துப் பார்த்தேன்.

பிள்ளைகள் தொடவில்லை.

"பச்சையாக் கிடக்கு" என்றாள் லோஜனா, முருங்கையிலையைப் பார்த்து.

"இலை பச்சையா இல்லாமல் நீலமாவோ கிடக்கும்?"

"நூடில்ஸ் மஞ்சளாத்தானே கிடக்கு."

சுலக்சன் வாயையே திறக்கவில்லை. கோப்பையோடு கிருஷாந்த் துரத்த, அவன் முற்றத்தில் கவிழ்த்துப் போட்ட தோணியைச் சுற்றி ஓடுவான். ஒரு சுற்றுக்கு ஒரு வாய் என்று கணக்கு. ஆறு சுற்றில் தகப்பனுக்கு மூச்சு வாங்கும். தின்ற ஆறு வாயும் ஓடிய ஓட்டத்தில் கரைந்திருக்கும். கிளினிக்குக்கு இன்னும் மூன்று கிழமை.

அந்தச் சனிக்கிழமை முன்பள்ளி இல்லை, லோஜனாவும் ரியூசன் வகுப்புக்குப் போய்விட்டாள். சின்னவனை விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல் கிருஷாந்த் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனான். வலை இழுக்கும்போது பெடியன் சும்மா நிற்கவில்லை. கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்கச் சிவக்க, பெரியவர்களோடு சேர்ந்து "ஏலேலோ" போட்டான்.

எங்கள் கரையில் கயிறு பிடித்த ஆளுக்குப் பங்கு உண்டு. முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பெரிய பங்கு போகும். மிச்சத்தைக் கும்பல் கும்பலாகக் குவிப்பார்கள். ஒருவன் கும்பல்களைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். வலையை நடத்துகிற மண்டாடி ஒரு கும்பலைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். முதுகு காட்டியவன் ஒரு பெயரைச் சொல்வான். சொன்னால் சொன்னதுதான், சண்டை கிடையாது. அன்றைக்கு மண்டாடி பாக்கியரத்தினம் கடைசியில் ஏழு சூடைமீனைத் தனியாக வைத்து, "இது ஆருக்கு?" என்றார்.

"சுலக்சனுக்கு!"

பெடியனுக்குக் காது வரைக்கும் சிரிப்பு. ஏழு மீனையும் சட்டைக்குள் கட்டிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தான்.

"இது என்ர. அப்பா தொடக் கூடாது."

"தொடாமல் எப்பிடியடா சமைக்கிறது?"

"நான் பாத்துக்கொண்டு நிப்பன்."

குசினி வாசலில் கதிரை போட்டு ஏறிநின்று காவல் காத்தான். கோப்பையில் வைத்ததும் மீனை எண்ணிப் பார்த்தான். ஏழும் இருந்தது. பக்கத்தில் முருங்கையிலை வறை.

"இலையும் என்ர பங்கோ?"

கிருஷாந்த் கோப்பையை அவனுக்குக் கிட்டத் தள்ளினான். "ஓம். உன்ர பங்குதான்."

"அப்ப அக்காக்குக் குடுக்காதேங்கோ."

வகுப்பால் வந்த லோஜனா அழத் தொடங்கிவிட்டாள். "விடிய இலை ஆஞ்சு தந்தது நான்! எனக்குத்தான் பங்கு!" காலமை வரைக்கும் பச்சை என்று தள்ளிய இலைக்கு இரண்டு பேரும் அடிபட்டார்கள். தோணி சும்மா கிடந்தது.

அன்று தொடக்கம் அந்தக் குசினி கரைவலைதான். லோஜனா இலை ஆய்வாள், சுலக்சன் பருப்புக் கழுவுவான், வெங்காயம் உரிப்பான். சமைத்து முடிந்ததும் பெரிய தட்டத்தில் கும்பல் வைப்பார்கள். சோறு, பூசணி, பருப்பு, மீன், எல்லாம் ஒவ்வொரு கும்பலிலும். சுலக்சன் சுவரைப் பார்த்து நிற்பான்; தமக்கை தொட்டுக் கேட்பாள்.

"இது ஆருக்கு?"

"எனக்கு!"

"இது?"

"பூனைக்கு!"

சொன்னால் சொன்னதுதான். பூனை ஒரு பங்கு சிவப்பரிசிச் சோறு தின்றது.

பிறகு லோஜனா கேட்டாள், சம்மாட்டி பங்கு எங்கே என்று. "சட்டியெல்லாம் அம்மான்ர. அப்ப அம்மாதானே சம்மாட்டி?" பெரிய கும்பல் அம்மாவுக்கு ஒதுங்கியது. அதைக் காலையில் பள்ளிக்குப் போகமுன் பிள்ளைகள் சம்மாட்டி சார்பில் தின்பார்கள்.

"அப்ப எனக்கு?" என்றான் கிருஷாந்த். "நான்தானே சமைச்சனான்."

"வாடியில சமைக்கிற ஆள் கடைசியாத்தானே சாப்பிடுறது? நீங்கள்தானே சொன்னனீங்கள்."

சட்டியில் ஒட்டியது அவனுக்கு. கூடச் சமைக்கலாம்தான், ஆனால் மூடிக்கணக்கை மாற்றினால் கை திரும்ப வாடிக்குப் போய்விடும் என்று பயம்.

கிளினிக்குக்கு முதல்நாள் பின்னேரம் இலட்சுமி வந்தாள். கையில் ஒரு வெறும் உடுப்புப் பை. பிள்ளைகளின் உடுப்பு வைக்கத்தான். சாப்பாட்டு நேரம் தட்டத்துக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தாள். கும்பல்கள் பெயர் சொல்லிப் போயின. பூனைக்கும் போனது.

"எனக்கு எங்கயடா?"

"பெரியம்மா கயிறு பிடிக்கேல்ல" என்றான் சுலக்சன்.

அறுபது மைல் சுற்றுவட்டாரத்தில் இலட்சுமியிடம் இப்படிச் சொன்னவர் கிடையாது. அவள் எழும்பி, தேங்காய் துருவி, சம்பல் அரைத்துக் கொடுத்துத் தன் பங்கை வாங்கினாள். சின்னவன் இலையை வழித்துத் தின்பதைப் பார்த்தாள். ஆனாலும் பையை மடித்து வைக்கவில்லை. "தராசு சொல்லட்டும்" என்றாள்.

காலையில் கிளினிக். சுலக்சன் தராசில் ஏறினான். மருத்துவமாது முள்ளைப் பார்த்தார், பெடியனைப் பார்த்தார்.

"பதினைஞ்சரை? ஒரு மாசத்தில ரெண்டரைக் கிலோவோ?"

சுலக்சன் இரண்டு கையாலும் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இறங்கு ராசா" என்று அவர் கையைப் பிடித்ததும் காற்சட்டை கணுக்காலுக்குப் போனது. பொக்கற்றுக்குள்ளிருந்து, வலையின் அடியில் கோக்கிற ஈயக்கட்டிகள் தரையெல்லாம் உருண்டன. இலட்சுமி கிருஷாந்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"மச்சாள், சத்தியமா நான் இல்ல!"

"நான்தான் போட்டனான்" என்று லோஜனா விக்கி விக்கி அழுதாள். "எனக்குத் திரியாய்க்குப் போக ஏலாது. அப்பா தனியச் சமைச்சா இருபத்தெட்டுப் பேருக்குச் சமைப்பார்."

மருத்துவமாது சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெறும் உடம்போட திரும்ப ஏத்துங்கோ" என்றார். கிருஷாந்த் கண்ணை மூடிக்கொண்டான். தராசு ஆடி ஆடி நின்றது.

"பதின்மூன்றே முக்கால்."

புள்ளி கோட்டுக்கு மேலே ஏறியது. கிருஷாந்த் நிலத்தில் குந்திவிட்டான். குந்தின விதம் இலட்சுமிக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி, எழும்புங்கோ. அந்தப் பெரிய தராசில ஏறுங்கோ பாப்பம்."

கோயில் திருவிழாவில் அவன் நிறை பார்க்கிற மெசினில் ஏறியபோது எழுபத்தொன்று. இப்போது அறுபத்தாறு. இலட்சுமி வெறும் பையைத் தூக்கி அவன் கையில் வைத்தாள்.

"பிள்ளையள் இருக்கட்டும். உங்கட உடுப்பை இதுக்குள்ள வையுங்கோ. உங்களைத்தான் நான் கொண்டு போகோணும்."

லோஜனா கண்ணைத் துடைத்துக்கொண்டு தகப்பன் உடுத்திருந்த சறத்தைப் பிடித்தாள். சுலக்சன் காற்சட்டையை ஏற்றிக்கொண்டே பெரியம்மாவைப் பார்த்தான்.

"அப்பா போனா, பங்கு வைக்கிற சோத்தை ஆர் சமைக்கிறது?" என்றான். பிறகு பெரிய மனது பண்ணி, "இண்டைக்குப் பூனையின்ர பங்கை அப்பாக்குக் குடுப்பம்."