முருகேசண்ணன் தூங்கவில்லை

பொங்கலுக்கு ஐந்து நாள் இருந்தது. கல்கத்தா பாலிகஞ்சில் நான் சமைக்கும் வீட்டில் கடைசி ஈடு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். பனியில் எதிர்மாடிகூடத் தெரியவில்லை. சமையலறைப் பக்கமே வராத ஐயா வாசலில் வந்து நின்றார். "கனகா, அடுப்பை அணைச்சிடும்மா. நம்ம முருகேசன் போயிட்டான்" என்றார்.

வீட்டு டிரைவர் முருகேசண்ணன் ஐயாவின் மகளை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, நியூ டவுன் சாலை நடுவில் வண்டி நின்றிருக்கிறது. பின்னால் வந்த லாரி பனியில் அதைப் பார்க்கவில்லை. அண்ணன் டிரைவர் சீட்டிலேயே இருந்தாராம். "கண்ணசந்திருப்பான்" என்று யாரோ சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் அதையே எல்லாரும் சொன்னீர்கள். அவர் மனைவி செல்வி அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அதனால்தான் நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு நான் எழுதுகிறேன். என் மகளுக்கு வங்காளம்தான் எழுத வரும். ஐந்தாவது வரை படித்த நானே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பகல் முழுக்க அண்ணன் காரிலேயே காத்திருந்தார். சீட்டைச் சாய்த்துப் படுக்கச் சொன்னேன். "சாஞ்சா கண்ணு சொக்கும் தங்கச்சி. ஸ்டீயரிங் முன்னாடி உக்காந்தா எனக்கு டூட்டி. தூக்கம் வீட்டுல" என்றார். பதினெட்டு வருஷத்தில் அவர் வண்டியில் கண்மூடி நான் பார்த்ததில்லை.

அவருக்கு எல்லாம் கெட்டியாக இருக்க வேண்டும். சாம்பார், தயிர், டீ எல்லாம். ஐயா பழைய அம்பாசிடரைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி வாங்கினார். கம்பெனியில் ஊற்றிய எஞ்சின் ஆயிலை அண்ணன் ஒரு விரலிலும், அம்பாசிடருக்கு ஊற்றும் ஆயிலை இன்னொரு விரலிலும் தொட்டு என்னிடம் காட்டினார். முதலாவது சரசரவென்று ஒழுகியது. மற்றது தேன் மாதிரி நின்றது.

"இது தண்ணி. இதுதான் எண்ணெய். தண்ணிய ஊத்தி ஓட்டினா எஞ்சின் தேயாதா?"

"சாம்பார் கெட்டியா கேட்டீங்க, சரி. காருக்குமாண்ணே?" என்றேன்.

"நீ கரண்டியப் பாரு, நான் காரப் பாக்குறேன்" என்று சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே கம்பெனி ஆயிலை வடித்துவிட்டுக் கெட்டி ஆயிலை ஊற்றினார். ஐயாவிடம் கேட்கவில்லை. வண்டிக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார்.

குளிர் வந்ததும் சத்தம் வந்தது. காலையில் வண்டியைக் கிளப்பினால் டக் டக் டக் என்று சமையலறை ஜன்னல் வரை கேட்கும். முதலில் ஐந்து எண்ணுவதற்குள் நின்றது. பிறகு இருபது. மார்கழியில் எண்ணுவதையே விட்டுவிட்டேன். காது மந்தமான ஐயாவுக்கு அது கேட்கவில்லை. வீட்டில் கேட்டது எனக்கு மட்டும்தான்.

டயர் மாற்ற வந்த மெக்கானிக் பாப்லு, ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்து முகம் சுளித்தான். "மாஷி, புது எஞ்சின்ல ஆயில் போற வழியெல்லாம் நூல் மாதிரி. குளிர்ல இது மேல ஏறாது, உள்ளே காய்ஞ்சே சுத்தும். ஒருநாள் ஓட்டத்துலயே எஞ்சின் இறுகிப் பிடிச்சுக்கும். நான் சொன்னா காக்கா சிரிக்கிறார், நீங்க சொல்லுங்க" என்று வங்காளத்தில் சொன்னான். அவனுக்கு நான் மாஷி, சித்தி மாதிரி; அண்ணன் காக்கா, சித்தப்பா மாதிரி.

சொன்னேன். இந்தத் தடவை அண்ணன் சிரிக்கவில்லை. "ஐயாகிட்ட மூச்சு விட்டுடாதே. அம்பத்தெட்டு வயசுல எனக்கு இன்னொரு வீடு கிடைக்காது. பொங்கல் கழிச்சு நானே மாத்திடுறேன்" என்றார்.

நான் மூச்சு விடவில்லை.

விபத்து நடந்த அன்று காலை ஏழரைக்கு என் போன் அடித்தது. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

"தங்கச்சி, வண்டி நின்னுடுச்சு. பாப்லு நம்பர் சொல்லு."

"எங்கே நிக்குதுண்ணே?"

"நடு ரோடுதான் போல. ஓரமே தெரியல."

"இறங்கிடுங்கண்ணே. முதல்ல இறங்குங்க."

"ஐயா வண்டிய ரோட்டுல விட்டுட்டா? இரு, இன்னொரு தரம் பாக்குறேன்."

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. எஞ்சின் சுற்றவில்லை. மறுபடி சாவி. அப்புறம் போன் கட்டாகிவிட்டது. சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொண்டு இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவப் போனேன்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது என்று நொறுங்கிய வண்டியைப் பார்த்துவிட்டு வந்த பாப்லு சொன்னான். ஐயா, அன்றைக்குச் சொல்லாததை இன்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன். அண்ணன் ஊற்றியது தப்பான எண்ணெய். அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். வேலையை விட்டு நிற்கச் சொன்னால் நிற்கிறேன்.

மீதி ஆயில் டப்பா பின்கட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. தூக்கிப்போடக் கை வரவில்லை. அதோடு, கடைசியாகச் சாவி திரும்பிய அந்தச் சத்தமும் என்னிடம் இருக்கிறது. செல்வி அக்கா, அதை உங்களுக்குத் தருகிறேன். தலையை நிமிர்த்துங்கள். கடைசி வரை அவர் டூட்டியில்தான் இருந்தார்.