‘ரெண்டு பேருக்கு’

ஜமுனாமரத்தூரில் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போன கம்ப்யூட்டர் சென்டரில்தான் அதை நடத்தும் அவரைப் பார்த்தேன். காதை மூடிய மஃப்ளர், நாலு நாள் தாடி.

“நெட் இல்லீங்க, கொஞ்சம் உக்காருங்க” என்று சொல்லிவிட்டுத் தன் லேப்டாப்பைத் திறந்தார். அதில் முந்நூறுக்கும் மேல் வீடியோ கேம்கள். கை சும்மா இருந்தால் போதும், அவற்றைப் பிரிவு பிரிவாக அடுக்க ஆரம்பித்துவிடுவார் போல. பிரிவுகளுக்குப் பெயரும் அவர் வைத்ததுதான்: ‘நெட் வேணாம்’, ‘கரண்ட் போனாலும் பரவால்ல’, ‘மழைக்கு’. மலைமேல் இருப்பவர் வேறெப்படிப் பிரிப்பார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசிப் பிரிவு, ‘ரெண்டு பேருக்கு’. அதிலிருந்த முதல் கேமைக் காட்டி, “நெட் வர்ற வரைக்கும் நாம இதை ஆடலாமா?” என்று கேட்டேன்.

“அது மட்டும் வேணாங்க. நானும் எங்க வூட்டுக்காரியும் ஆடினு இருந்தது. பாதியில ஆஸ்பத்திரிக்குப் போனா, திரும்பி வரல. கேம்ல அவ ஆடுன ஆளு இன்னும் ஒரு பாலத்து மேலயே நின்னுனு இருக்கு. நாம ஆடினா கலைஞ்சுடும்.”

கேமைக் காட்டிய விரலை மடக்கிக்கொண்டேன்.

“நீங்க இன்னா பண்ணுவீங்க, தெரியாம கேட்டீங்க” என்று அவரே என்னைச் சமாதானப்படுத்தினார்.

நெட் வந்தது. என் விண்ணப்பத்தை அனுப்பி ரசீதைக் கொடுத்தார். அதற்குள் லேப்டாப்பில் பாதியில் நின்றிருந்த புதுக் கேம் ஒன்று முழுதாக இறங்கியிருந்தது. அதை நேராக ‘ரெண்டு பேருக்கு’ பிரிவில் கொண்டுபோய்ப் போட்டார்.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “இது அவளுக்குப் புடிக்குங்க.”