அவளுடைய கஞ்சி வாளி

நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவது நான்தான். பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் கஞ்சிக் கிடாரத்தின் பக்கத்தில் அகப்பையோடு நிற்பேன். பிள்ளைகள் வீட்டுப் பாத்திரங்களோடு வரிசையில் வருவார்கள். பாத்திரத்தைப் பார்த்தே எந்த வீடு என்று சொல்லிவிடுவேன். மூன்றே பேர் இருக்கிற ஒரு வீட்டிலிருந்து குளிக்கிற வாளி வரும். அதற்கும் ஏதாவது சொல்லாமல் விட்டதில்லை. சாதாரண நாளிலேயே எனக்கு மூக்கு நுனியில் கோபம். நோன்பும் கல்முனை வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

போன வருடம் ஒரு சிறுமி, பாதியாக வெட்டிய சோடாப் போத்தலை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்பது வயதிருக்கும். கொதிக்கிற கஞ்சியை ஊற்றினால் போத்தல் சுருங்கி அவள் கைதான் வேகும். "ஊட்ட போய் நல்ல சட்டியொண்டு எடுத்துக்கு வா புள்ள" என்று சத்தம் போட்டேன். அவள் அசையவில்லை. அவளுக்கு வீடில்லை, தாயோடும் தம்பியோடும் சந்தை விறாந்தையில் படுக்கிறாள் என்று பின்னால் நின்றவர்கள்தான் சொன்னார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலு வீடு தள்ளியிருக்கும் என் வீட்டுக்கு ஓடி, மனைவியின் மூடி போட்ட சில்வர் வாளியை எடுத்துவந்து, இனி இது உன்னுடையது என்று கொடுத்தேன். மனைவியைக் கேட்கவில்லை, கேட்டால் தரமாட்டாள் என்ற பயம்.

நோன்பு திறந்து மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால், கழுவித் துடைத்த வாளியோடு வாசலில் நிற்கிறாள். கொடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஏன், பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வெக்கிறத்துக்கு இடமில்ல மாமா. விடியச் சந்தை தொறக்கக்குள்ள எல்லாத்தையும் தூக்கிப் போட்டிருவாங்க."

பாயும் போர்வையும் அப்படித்தான் போனதாம். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவிதான் குசினிச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில், ஓர் ஆணியைக் காட்டி அதில் கொழுவச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த ஆணியில் என் தொப்பியைக்கூடக் கொழுவ அனுமதியில்லை.

நோன்பு முழுக்க அசருக்கு முன் வந்து வாளியை எடுப்பாள். மஃரிபுக்குப் பின் கழுவிக் கொழுவிவிட்டுப் போவாள். அவள் வரச் சற்றுப் பிந்தினாலும் நான் வாசல் படலைக்கும் குசினிக்குமாக நடப்பேன். சந்தோசமான மாதம் அது.

பெருநாள் கழிந்தது. கஞ்சி இல்லை, இனி எதற்கு வரப்போகிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பே பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் வந்து நின்றாள். கஞ்சி முடிந்துவிட்டதே மகள் என்றேன். தெரியும் என்று தலையாட்டினாள். வாளியை இறக்கி மூடியைத் திறந்தாள். கையிலிருந்த பொலித்தீன் பையைக் காட்டினாள். உள்ளே அவளுடையதும் தம்பியுடையதுமான பிறப்புச் சான்றிதழ்கள். தாய் அந்தப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, யாராவது அவிழ்த்துவிடுவார்களோ என்று அரைத் தூக்கத்தில்தான் இரண்டு வருடமாகப் படுக்கிறாளாம்.

"இதையும் இதுக்குள்ள வெக்கட்டா மாமா?" என்று கேட்டாள். "உம்மா இண்டைக்கு நல்லா நித்திர கொள்ளுவா."